ரூத் மறந்திருந்தால்?

1805 ஆகஸ்டில், வேல்ஸ் நாட்டின் மான்ட்கமரிஷயர் மலைப்பகுதியில், டோல்வார் வாக் என்ற பண்ணை வீட்டில் ஆன் கிரிஃபித்ஸ் இறந்துபோனார். வயது 29. கல்யாணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரம் உயிரோடு இருந்தது. அதைப் புதைத்த கொஞ்ச நாளிலேயே தாயும் போனார். ஒரு விவசாயக் குடும்பத்தில் அந்தக் காலத்தில் அடிக்கடி நடந்த சாவுதான். அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தவர்கள்கூட அதை நெடுநாள் நினைவில் வைத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் ஆன் பாட்டுக் கட்டுவார். மனதில் ஒரு வேதவசனம் பற்றிக்கொண்டால் அது வேலைக்கு நடுவே சரணமாக உருளும். அதைப் பெரும்பாலும் அவர் எழுதிப் பத்திரப்படுத்தவில்லை. வீட்டு வேலைக்கு இருந்த ரூத் எவன்ஸிடம் சொல்லிக் காட்டுவார். ரூத் அதை மனப்பாடம் செய்துகொண்டு பாடுவார். ரூத்துக்கு எழுதத் தெரியாது.

ஆன் இறந்த அதே ஆண்டில் ரூத்துக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பொன்ட்ரோபெர்ட் ஊரைச் சேர்ந்த ஜான் ஹியூஸ். நெசவு வேலை பார்த்து, பிறகு பள்ளி நடத்தி, பிரசங்கியாக ஆனவர். ஆனுக்கு ஆன்மிகத் துணைவராக இருந்து, அவரோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தவர். அவர் எழுத உட்கார்ந்தார். ரூத் சொல்லச் சொல்ல, எழுபதுக்கும் மேற்பட்ட சரணங்கள் நோட்டுப் புத்தகங்களில் ஏறின. இன்று வேல்ஸ் மொழியின் ஞானப்பாட்டுகளில் தலைசிறந்தவை என்று கொண்டாடப்படுபவை அவைதான். கான்டர்பரியின் பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். ஆன் தன் கையாலேயே எழுதியதாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதம். அதன் கடைசியில் ஒரே ஒரு சரணம். மற்ற அத்தனையும் எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் நாக்கு வழியாக வந்தவை.

ரூத் மறந்திருந்தால்? ஆனைப் போலவே அவரும் அந்தக் கோடையில் இறந்திருந்தால்? எழுதும் பழக்கமில்லாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால்?

இந்தக் கேள்வியை ஆன் கிரிஃபித்ஸின் சபையார் வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள். அவர்கள் கால்வின் வழி மெதடிஸ்டுகள். உலகில் தற்செயல் என்று ஒன்று இல்லை, ஒரு குருவி கீழே விழுவதும் கடவுளின் சித்தத்துக்குள் அடங்கியது என்று நம்பியவர்கள். அதற்கு வேல்ஸ் மொழியில் 'ரக்லினியைத்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைப் பராமரிப்பு என்று சொல்வதற்கு நெருக்கமான சொல். நம் ஊழ் அல்ல. ஊழுக்கு முகம் கிடையாது, செய்த வினை திரும்பி வருவது அது. ரக்லினியைத்துக்கோ முகம் உண்டு, நோக்கம் உண்டு, அன்பும் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தால் ரூத் டோல்வார் வாக் வீட்டுக்கு வேலைக்கு வந்தது, ஜான் ஹியூஸை மணந்தது எல்லாமே ஏற்கெனவே நெய்து வைத்த பாவு.

பழைய காகிதங்கள் இருக்கும் ஓர் அறையில் நிற்கும்போது கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குக்கூட இந்த எண்ணம் ஒரு கணம் வந்து போகும். கண்முன்னே இருப்பவை எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பிழைத்தது பிழைக்க வேண்டியதாகவே இருந்தது என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதைச் சோதித்துப் பார்க்க வேல்ஸைவிடப் பொருத்தமான நாடு குறைவு. அந்த நாட்டின் சமயமும் மொழியும் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரே குன்றின் மேல், ஒரே கட்டடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தக் குன்று அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊருக்கு மேலே நிற்கிறது. அதன் மேல்தான் வேல்ஸ் தேசிய நூலகம். அதற்கு 1907-இல் அரச சாசனம் கிடைத்தது. விக்டோரியா அரசிக்கு மருத்துவராக இருந்த சர் ஜான் வில்லியம்ஸ் தான் விலை கொடுத்து வாங்கிய பெனியார்த் சுவடிகளை அங்கே தந்தார். அவற்றின் மூலத் தொகுப்பை 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வாஹன் என்பவர் தம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். ஆன் கிரிஃபித்ஸின் கடிதமும் ஜான் ஹியூஸின் நோட்டுகளும் இந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது குன்றின் பாறைக்குள் சுரங்கம் வெட்டி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களையும் சேர்த்து அதில் ஒளித்து வைத்தார்கள். அவ்வளவு பத்திரமான இடம். ஆனாலும் 2013 ஏப்ரலில் அதன் கூரையில் தீப்பிடித்தது. எரிந்தது போக, அணைக்க அடித்த தண்ணீராலும் சேதம் நேர்ந்தது. கல்லால் கட்டியதற்கும் சாவு உண்டு.

அந்தக் கட்டடத்தில் இருப்பவற்றில் பல, காப்பதற்காகவே செய்யப்பட்டவை அல்ல. வேறு ஏதோ காரியத்துக்காகச் செய்தவை. சில, அழிக்கும் எண்ணத்துக்குப் பக்கத்தில் பிறந்தவைகூட.

முதலில் வேதாகமம். 1563-இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வேல்ஸ் மொழியில் வேதாகமத்தையும் ஜெபப் புத்தகத்தையும் பெயர்க்க வேண்டும் என்று அது ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. கூடவே ஒவ்வொரு ஆலயத்திலும் ஆங்கிலப் பிரதியையும் வைக்கச் சொன்னது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து மக்கள் சீக்கிரமாக ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும் என்ற காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது வேல்ஸ் மொழி வேதாகமம் ஆங்கிலத்துக்கு ஏறும் ஏணியாக எண்ணப்பட்டது. 1588-இல் லான்ரயாடர் ஊர்க் குருவானவர் வில்லியம் மோர்கன் முழு வேதாகமத்தையும் முடித்தார். நடந்தது என்ன? அந்த மொழிபெயர்ப்பு வேல்ஸ் மொழிக்கு எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான ஓர் உரைநடையைக் கொடுத்தது. பிரசங்க மேடையில் ஞாயிறுதோறும் ஒலித்த மொழிக்கு மதிப்பு குறையவில்லை, உயர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற குருவானவர் நடத்திய ஊர்சுற்றும் பள்ளிகள், அறுவடை ஓய்ந்த குளிர் மாதங்களில் ஓர் ஊரில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கி, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வேதாகமத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. வாசிக்க மட்டும்தான். எழுதுவது பாடத்தில் இல்லை. கடவுளின் சொல்லைப் படித்தால் போதும், எழுதும் அவசியம் ஏழைக்கு எதற்கு என்ற கணக்கு. ரூத்தைப் போன்ற பெண்கள் நிறைந்த தலைமுறைகள் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை: வேதம் நாக்கில் இருக்கும், எழுதுகோல் கையில் இருக்காது.

அடுத்தது வரைபடம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வேல்ஸில் நெடுங்காலம் அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. விளைச்சலில் பத்தில் ஒன்று. வைக்கோலாக, கம்பளியாக, ஆட்டுக்குட்டியாக. 1836-இல் வந்த சட்டம் இதைப் பணமாக மாற்றியது. பணமாக மாற்ற வேண்டுமென்றால் எந்த நிலம் யாருடையது, யார் உழுகிறார், பரப்பு எவ்வளவு, பயிரா மேய்ச்சலா என்று ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கு வேண்டும். நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு இறங்கினார்கள். ஒவ்வொரு சபை வட்டாரத்துக்கும் ஒரு பெரிய வரைபடம், அதோடு ஒரு பட்டியல். பட்டியலில் ஒவ்வொரு வயலுக்கும் எண், உரிமையாளர், குடியானவர், பெரும்பாலும் வயலின் பெயர், கடைசி வரிசையில் கட்ட வேண்டிய தொகை. மூன்று பிரதிகள் எடுத்தார்கள். வேலையின் பெரும்பகுதி 1840-களின் முடிவுக்குள் முடிந்தது.

பணம் கட்டியவர்கள் யார்? அந்தக் காலத்து வேல்ஸ் விவசாயிகளில் பெரும்பாலோர் அரசுத் திருச்சபைக்குப் போவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், சுயாதீன சபையார் என்று பிரிந்து, தாங்களே காசு போட்டுக் கட்டிய ஜெபக்கூடங்களில் தொழுதார்கள். தங்கள் பிரசங்கிக்கும் கொடுத்தார்கள், தாங்கள் கால்வைக்காத ஆலயத்தின் குருவானவருக்கும் கொடுத்தார்கள். இது உள்ளத்தில் முள்ளாக இருந்தது. 1880-களில் விளைபொருள் விலை விழுந்தபோது முள் வெளியே வந்தது. டென்பிஷயரில் குடியானவர்கள் கட்ட மறுத்தார்கள். அமீனா வந்து மாட்டையும் ஆட்டையும் ஜப்தி செய்து ஏலம் விடப் பார்த்தார். ஊரே திரண்டு கொம்பு ஊதித் தடுத்தது. 1887-இல் லாங்கம் ஊரில் நடந்த மோதல் நாடெங்கும் பேசப்பட்டது. தசமபாகப் போர் என்றே அதற்குப் பெயர் வந்தது. கடைசியில் 1914-இல் சட்டம் நிறைவேறி, 1920-இல் வேல்ஸில் அரசுத் திருச்சபை என்ற நிலையே முடிவுக்கு வந்தது.

எந்தக் காகிதத்தின் மீது அந்தக் குடியானவர்களுக்குக் கோபமோ, அந்தக் காகிதம் இன்று அவர்களுடைய சொற்களின் கருவூலம். காரணம் அந்தப் பட்டியலில் இருக்கும் வயல் பெயர்கள். 'டோல்' என்றால் ஆற்றோரத் தாழ்வான புல்வெளி. 'ஃபுன்னோன்' என்றால் ஊற்று அல்லது கிணறு. கிணற்று வயல், சூளை வயல், கோயில் காணி, பெரிய வயல், குட்டி வயல் என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதை உழுதவர்கள் வைத்த பெயர் அங்கே இருக்கிறது. வேல்ஸ் மொழி தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டு பல இடங்களில் கோணல். ஆனாலும் பெயர் இருக்கிறது. வேலிகளைப் பிடுங்கி வயல்களை ஒன்றாக்கிய பிறகு, அந்த மண்ணை உழுதவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களுக்குப் போன பிறகு, பல பெயர்களுக்கு மிஞ்சிய ஒரே இருப்பிடம் அதுதான்.

2010-களில் இந்த வரைபடங்களை மின்வடிவில் கொண்டுவரும் வேலை நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்கள். படம் எடுப்பதை இயந்திரம் செய்துவிடும். கோணல் கையெழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துத் தட்டச்சு செய்ய மனிதர்கள்தான் வேண்டும். தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். தத்தம் வீட்டு மேசையில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தின் வயல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். திட்டத்துக்கு வைத்த பெயர் 'கனெவின்'. வேலி இல்லாத மலையிலும் தன் மேய்ச்சல் எல்லையைத் தாயிடமிருந்து கற்றுக்கொண்டு அங்கேயே நிற்கும் ஆட்டின் பழகிய மண்ணுக்கு வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்.

இங்கே இறைப் பராமரிப்பு என்ற எண்ணம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. ஆங்கிலம் பரப்ப வந்த சட்டம் வேல்ஸ் மொழியைக் காத்தது. வரி வசூலிக்க வரைந்த படம் வயல் பெயர்களைக் காத்தது. கருவிக்குத் தெரியாமல் கருவியைக் கொண்டு காரியம் செய்வது கடவுளின் வழக்கம் என்று ஜான் ஹியூஸ் போன்ற பிரசங்கி ஒருவர் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசியிருப்பார்.

இந்தியாவிலும் அதற்கு ஓர் உதாரணம் உண்டு. தாமஸ் ஜோன்ஸ் என்ற தச்சர் மகன், வேல்ஸ் கால்வின் மெதடிஸ்டுகளின் முதல் மிஷனரியாக லிவர்பூலில் கப்பல் ஏறி 1841-இல் சிராபுஞ்சிக்கு வந்தார். காசி மக்களின் மொழியை ரோமன் எழுத்தில் எழுதினார். எழுத்துக்கூட்டுக்கு அவருக்குக் கைவந்த வழி வேல்ஸ் வழி. அவர் செய்தது வேதத்தைக் கொண்டுசேர்க்க. அவருக்கும் மிஷனுக்கும் பின்னால் பிணக்கு வந்து, 1849-இல் கல்கத்தாவில் இறந்தார். அந்த எழுத்து நிலைத்தது. ஐம்பது ஆண்டு கழித்து, ஜீபோன் ராய் என்ற காசிப் பெரியவர் அச்சகம் வைத்து, அதே எழுத்தில் தங்கள் முன்னோரின் சமயத்தைப் பற்றிய நூல்களை அச்சிட்டார். 1899-இல் பதினாறு இளைஞர்கள் சேர்ந்து, அந்தப் பழைய நம்பிக்கையைக் காக்க 'செங் காசி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மதம் மாற்ற வந்த எழுத்து, மாறாமல் நிற்க விரும்பியவர்களுக்கும் துணையானது. அந்த மிஷனின் கடிதங்களும் புகைப்படங்களும் அபெரிஸ்ட்வித் குன்றின் மேல் இருக்கின்றன. இதை யாருடைய திட்டம் என்று சொல்வது? தாமஸ் ஜோன்ஸின் கடவுளுடையதா, ஜீபோன் ராயின் கடவுளுடையதா? இரு தரப்பும் உரிமை கோரலாம். ஒரே நிகழ்ச்சி இரண்டு எதிரெதிர் நோக்கங்களுக்கு ஒத்துப்போகிறதென்றால், நோக்கம் நிகழ்ச்சிக்குள் இருந்ததா, பிறகு நாம் கொண்டுவந்து வைத்ததா என்ற ஐயம் வருவது நியாயம்.

ஐயத்தை வலுவாக்கும் ஒரு சுவடியும் அந்த நூலகத்தில் உண்டு. கார்மார்த்தன் கறுப்புப் புத்தகம். முழுக்க வேல்ஸ் மொழியிலேயே எழுதப்பட்டு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1250-ஐ ஒட்டி, ஒரே எழுத்தர் பல காலம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. கைக்கு அடக்கமான சிறு புத்தகம். அதில் கடவுள் துதியும் உண்டு, ஆர்தர் அரசனும் உண்டு, காட்டில் பித்தாகி அலையும் மெர்தினும் உண்டு. பின்னால் வந்தவர்கள் ஓரங்களில் குறிப்புகளும் வரிகளும் படங்களும் சேர்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புத்தகத்தை வைத்திருந்த ஒருவர், அநேகமாக ஜாஸ்பர் கிரிஃபித், பழைய மூலத்தைத் தூய்மைப்படுத்தும் எண்ணத்தில் அந்தச் சேர்க்கைகளை அழித்துவிட்டார். அவர் புத்தகத்தை வெறுத்தவர் அல்ல, நேசித்தவர். 2015-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் புற ஊதா ஒளியில் பக்கங்களைப் பார்த்தபோது, அழித்த இடங்களில் முகங்கள் தெரிந்தன, அதுவரை அறியாத ஒரு கவிதை வரியும் தெரிந்தது. அன்பும் அழிக்கும். அழிந்தது சில சமயம் திரும்பியும் வரும். எல்லாச் சமயமும் வராது.

திரும்பி வராததைப் பற்றிப் பேச வேண்டுமானால் லிவர்பூலை விட முடியாது.

வேல்ஸின் வடக்கு மாவட்டங்களுக்கு லிவர்பூல்தான் பெருநகரம். வேலை தேடிப் போன வேல்ஸ் மக்கள் அங்கே தெருத்தெருவாகக் குடியேறி, ஜெபக்கூடங்கள் கட்டி, தங்கள் மொழியில் பத்திரிகை நடத்தினார்கள். ஜான் தாமஸ் என்ற இளைஞர் 1853-இல் அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு அதை விட்ட பிறகு, பிரபலங்களின் சிறு படங்களைச் சுமந்து விற்கும் வேலை. விற்ற படங்களில் வேல்ஸ்காரர் முகம் அரிதாக இருந்தது அவரை உறுத்தியது. தானே புகைப்படக் கலையைக் கற்று, பிரசங்கிகளை உட்காரவைத்து எடுத்தார். சுவரில் புனிதர் படம் மாட்டாத சபையார், பிரசங்கியின் படத்தை ஆசையாக வாங்கி மாட்டினார்கள். பிறகு நாற்பதாண்டு காலம் வேல்ஸ் முழுக்கக் கருவியோடு அலைந்து, பிரசங்கிகளோடு நிற்காமல், ஏழையர் இல்லத்து முதியவர்கள், தபால் சுமப்பவர், கல்லுடைப்பவர், கடை வாசலில் நின்ற பெண்கள் என்று எல்லோரையும் எடுத்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள். ஆனுடைய முகம் எப்படி இருந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது. அவர் இறந்து சில பத்தாண்டுகளுக்குள், அவர் ஊரைப் போன்ற ஊர்களின் ஏழைகளுக்கும் முகம் கிடைத்துவிட்டது.

அந்த லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. பாலா ஊருக்கு அருகில் ட்ரவெரின் பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடிப்பதென்று அந்நகர மன்றம் முடிவு செய்தது. பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்ற சிற்றூர்: ஒரு ஜெபக்கூடம், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், சில வீடுகள், சுற்றிலும் பண்ணைகள். முழுக்க வேல்ஸ் மொழி பேசிய ஊர். அங்கே இருந்த ஹவோட் வாடோக் பண்ணை, 17-ஆம் நூற்றாண்டில் துன்புறுத்தலுக்கு நடுவே குவேக்கர்கள் கூடித் தியானித்த இடம். 1956 நவம்பரில் ஊரார் பிள்ளைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1957-இல் மசோதா நாடாளுமன்றத்தில் வந்தபோது வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் நிறைவேறியது.

1963 செப்டம்பர் 28 அன்று ஜெபக்கூடத்தில் கடைசி ஆராதனை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் எட்டுப் பேரின் எச்சங்களை உறவினர்கள் தோண்டி எடுத்துப் போனார்கள். மற்றவர்கள் அங்கேயே இருக்க, மேலே கான்கிரீட் மூடியது. 1965-இல் ஏரி நிறைந்தது. பேர் லின் கெலின். கரையில், இடித்த கட்டடங்களின் கல்லைக் கொண்டு ஒரு நினைவு ஜெபக்கூடம் கட்டியிருக்கிறார்கள். லிவர்பூல் நகர மன்றம் 2005-இல் மன்னிப்புக் கேட்டது.

ஊர்வலத்தையும், மூடப்பட்ட பள்ளியையும், வீட்டுச் சாமானோடு நின்றவர்களையும் ஜெஃப் சார்ல்ஸ் படமெடுத்தார். 'அ கம்ரோ' என்ற வேல்ஸ் மொழி வார இதழின் புகைப்படக்காரர். அவரிடம் சேர்ந்த நெகட்டிவ்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம். அவையும் குன்றின் மேல் நூலகத்துக்கு வந்தன. வந்த பிறகு ஒரு நோய் தெரிந்தது. அந்தக் காலத்து அசிட்டேட் பிலிம் தானாகவே சிதைந்து புளிக்கும். பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். சுருங்கி, நெளிந்து, படம் உரியும். ஊரை மூழ்கடித்த தண்ணீர் போதாதென்று, ஊரின் படத்தையும் காற்று தின்னப் பார்த்தது. குளிர்ந்த அறையில் வைத்து, ஒவ்வொன்றாக மின்வடிவில் எடுத்து மீட்டார்கள்.

இந்த இடத்தில் இறைப் பராமரிப்பு பற்றிய பேச்சைக் கொஞ்சம் அடக்கி வைப்பதே மரியாதை. தசமபாக வரைபடத்தைக் காட்டி 'பார்த்தீர்களா, தீமையிலிருந்தும் நன்மை' என்று சொல்லலாம். அணையைக் காட்டி அப்படிச் சொல்ல முடியுமா? அணையால் வேல்ஸ் மக்களின் அரசியல் உணர்வு விழித்தது, பிற்பாடு அவர்களுக்குத் தனிச் சட்டமன்றம் வந்தது, ஆகவே எல்லாம் ஒரு திட்டம் என்று சிலர் கதையை முடிக்கிறார்கள். அந்தக் கதையில் கான்கிரீட்டுக்கு அடியில் கிடப்பவர்களுக்கு இடமில்லை. கிடைத்த லாபத்தை வைத்து இழப்புக்கு ரசீது எழுதும் வேலை அது. ஆவணக் காப்பகம் நம்மை அதற்கு இழுக்கும், ஏனென்றால் அங்கே இழப்பு தன் வடிவத்தைக் காட்டுவதில்லை. மிஞ்சியது மட்டுமே பெட்டியில் இருக்கும். மறந்த ரூத்துகளுக்குப் பெட்டி இல்லை. வேல்ஸின் பண்ணை வீடுகளில் பாட்டுக் கட்டி, சொல்லிக்கொடுக்க ஒரு தோழி வாய்க்காமல் போன ஆன்கள் எத்தனை பேர் இருந்தார்களோ.

அப்படியானால் எல்லாம் வெறும் தற்செயலா? அதுவும் உண்மைக்குப் பொருந்தவில்லை. ரூத் அந்தப் பாட்டுகளைத் தற்செயலாக நினைவில் வைத்திருக்கவில்லை. எழுபது சரணத்தை யாரும் தவறுதலாக மனப்பாடம் செய்வதில்லை. திரும்பத் திரும்பப் பாடியிருக்க வேண்டும், பால் கறக்கும்போதும் துணி துவைக்கும்போதும். ஜான் ஹியூஸும் ஒரு முறை கேட்டு நிறுத்தவில்லை, நோட்டு நோட்டாக எழுதினார். முதலில் அச்சான பதிப்புகளில் பதிப்பாசிரியர்கள் ஆனின் கரடுமுரடான சொல்லை இழைத்து மென்மையாக்கிவிட்டார்கள். ஜான் ஹியூஸின் கையெழுத்து இருந்ததால்தான் நூறாண்டுக்குப் பிறகு இதழாசிரியர் ஓ.எம். எட்வர்ட்ஸால் அந்தக் கரடுமுரடை மீட்டு அச்சிட முடிந்தது. ஜான் தாமஸின் கண்ணாடித் தகடுகளை அவரிடமிருந்து வாங்கித் தம் இதழில் வெளியிட்டவரும் இதே எட்வர்ட்ஸ்தான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் கை விட்டிருக்கலாம், விடவில்லை. கடவுள் அங்கே இருந்தார் என்று சொல்பவருக்கும் இந்தக் கைகளைத் தவிரக் காட்ட வேறு சான்று இல்லை. இல்லை என்று சொல்பவரும் இந்தக் கைகளை மறுத்துவிட முடியாது.

இன்று வேல்ஸில் இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்றவர்கள் 46.5 சதவீதம். கிறிஸ்தவர்கள் என்றவர்கள் 43.6 சதவீதம். ஜெபக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சில வீடாகின்றன, சில கிடங்காகின்றன, சில இடிகின்றன. சபைப் பதிவேடு, ஞானஸ்நானக் கணக்கு, பாடகர் குழுவின் படம் எல்லாம் காப்பகங்களுக்கு வருகின்றன. நம்பிக்கை போன இடத்தில் காகிதம் மிஞ்சுகிறது. தொழுத ஒரு சமூகம் தொழுததன் பதிவைப் பார்க்க வரும் சமூகமாக மாறுகிறது. ஆன் கிரிஃபித்ஸின் கடிதத்தைப் பார்க்க வருபவர்களில் அவர் நம்பியதை நம்பாதவர்கள் பலர். அவர்கள் முன்னால் அந்தத் தாள் என்னவாக இருக்கிறது? பாம்பு கழற்றிப் போன சட்டையா, இன்னும் சூடு ஆறாத சாம்பலா? பொன்ட்ரோபெர்ட்டில் ஜான் ஹியூஸ் பிரசங்கித்த பழைய ஜெபக்கூடம் நிற்கிறது. அதை ஒட்டிய வீட்டில்தான் ரூத்தும் அவரும் குடியிருந்தார்கள். அங்கே இப்போதும் ஆட்கள் வந்து அமைதியாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

அபெரிஸ்ட்வித்திலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் சில மைல் போனால், லான்ரிஸ்டிட் ஊருக்கு அருகில், இடிந்த ஒரு வீட்டின் ஒற்றைச் சுவர் நிற்கிறது. அதில் 'ட்ரவெரினை நினையுங்கள்' என்று பொருள்படும் இரண்டு வேல்ஸ் சொற்கள். 1960-களில் மைக் ஸ்டீவன்ஸ் என்ற எழுத்தாளர் இளைஞராக இருந்தபோது பெயின்ட் அடித்துவிட்டுப் போனது. அவசரத்தில் எழுதியதில் ஓர் எழுத்து இலக்கணப்படி மாற வேண்டியது மாறாமல் நின்றது. பிறகு யாரோ திருத்தினார்கள். மழையில் மங்கியது, யாரோ மறுபடி அடித்தார்கள். வேறு எழுத்துகளை மேலே கிறுக்கினார்கள், யாரோ வந்து மறைத்து மறுபடி எழுதினார்கள். முதலில் பூசிய பெயின்ட் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நூலகத்தில் மூலத்தைத் தொடாமல் காக்கிறார்கள். இங்கே தொட்டுத் தொட்டுக் காக்கிறார்கள், ரூத் பாடிப் பாடிக் காத்ததைப் போல. 2019 ஏப்ரலில் ஒரு நாள் இரவோடு இரவாக அந்தச் சுவரின் ஒரு பகுதியை யாரோ இடித்துத் தள்ளினார்கள். செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கீழே கிடந்த கற்களை எடுத்து, எழுத்து பொருந்தும்படி வரிசை பார்த்து, திரும்ப அடுக்கினார்கள்.